அந்தப் படத்தில் இருப்பது இரண்டு பெண் குழந்தைகள் அல்ல

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஒரு காலண்டரில் ரெனுவாரின் படம் ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு கவுன் போட்ட அம்மா, ஒரே மாதிரி நீல உடையில் இரண்டு பெண் குழந்தைகள், ஒரு பெரிய நாய். கீழே 'இம்ப்ரெஷனிசம்' என்று அச்சிட்டிருந்தார்கள். மோனேயின் அல்லிக்குளம் போல இதில் எதுவுமே இல்லையே? பணக்கார வீட்டில் மாட்டுகிற குடும்பப் படம் மாதிரிதானே இருக்கிறது? இதில் என்ன விசேஷம்?"

முதலில் ஒரு திருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவில், அம்மாவை ஒட்டி சோஃபாவில் உட்கார்ந்திருப்பது பெண் குழந்தை இல்லை, பையன். அவன் பெயர் 'போல்' (Paul), வயது மூன்று. நாயின் முதுகைத் திண்ணையாக்கி உட்கார்ந்திருப்பவள் அவனுடைய அக்கா ஜார்ஜெத், வயது ஆறு. நீங்கள் மட்டும் ஏமாறவில்லை. படத்துக்கு முன்னால் நிற்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இரண்டும் பெண் என்றுதான் நினைப்பார்கள்.

அன்றைய பிரான்ஸில் சின்னப் பையன்களுக்கும் கவுன்தான். தலைமுடியையும் வெட்டமாட்டார்கள். இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. பொத்தான் பொத்தானாக மாட்டியிருக்கும் கால்சட்டையைக் குழந்தை தானே அவிழ்க்க முடியாது. கவுன் என்றால் தூக்கினால் போதும். வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டால் இன்னும் ஒரு வருடம் ஓடும். இந்த வீட்டில் துணிக்குக் கணக்குப் பார்க்கும் நிலை இல்லை என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி உடுத்துவது அப்போதைய நாகரிகம், அவ்வளவுதான்.

ரெனுவாருக்கு இந்த நீள முடியின் மேல் ஒரு தனி ஆசை உண்டு. பிற்பாடு தன் சொந்த மகன் ஜானுக்கும் பள்ளிக்கூடம் போகும்வரை முடியை வெட்டவிடவில்லை, வரைவதற்காக. அந்த ஜான் ரெனுவார்தான் வளர்ந்து சினிமா எடுத்தவர். 1951இல் வெளிவந்த அவருடைய 'தி ரிவர்' வங்காளத்தில் படமானது. அதில் நடனமாடி நடித்த ராதா பர்னியர் நம் அடையாறில் பிறந்தவர், கலாக்ஷேத்திராவில் பரதம் கற்றவர், பின்னாளில் பிரம்ம ஞான சபையின் தலைவராக இருந்தவர். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இனி படத்துக்கு வருவோம். பெயர் 'மதாம் ஜார்ஜ் ஷார்பாந்தியேவும் அவர் குழந்தைகளும்'. 1878இல் வரையப்பட்டது. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 153.7 செ.மீ., அகலம் 190.2 செ.மீ. இரட்டைக் கட்டில் ஒன்றைப் பக்கவாட்டில் நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவு. காலண்டரில் அது கையகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. இம்ப்ரெஷனிசம் என்பது, கண நேரத்தில் கண்ணில் படும் ஒளியையும் நிறத்தையும் தூரிகைத் தடம் தெரியும்படி வரைகிற பாணி. 'இதில் இம்ப்ரெஷனிசம் எங்கே' என்ற உங்கள் சந்தேகத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சுருக்கம்தான். சுருக்கினால் தூரிகைத் தடங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, போட்டோ மாதிரி வழவழப்பாகிவிடும். மீதிப் பாதிக் காரணம் படத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மார்கரித் ஷார்பாந்தியே பிறந்தது 1848இல். கணவர் ஜார்ஜ் ஷார்பாந்தியே பாரிஸின் பெரிய பதிப்பாளர். எமில் ஜோலா, ஃப்ளாபேர், மாப்பசான், கோன்கூர், தோதே என்று அந்தக் காலத்துப் பிரெஞ்சு எழுத்தில் யார் பெயரைச் சொன்னாலும் அவர் பதிப்பகத்தின் வாசலைத் தொட்டுத்தான் வரவேண்டும். ஜோலாவோடு உறவு எவ்வளவு நெருக்கம் என்றால், இந்தப் படத்தில் இருக்கும் குட்டிப் பையனுக்கு ஞானத்தந்தை அவர்தான். பையனின் முழுப்பெயரிலேயே 'எமில்' இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மார்கரித் வீட்டில் கூட்டம் கூடும். எழுத்தாளர்கள், ஓவியர்கள், கம்பெத்தா போன்ற குடியரசுக் கட்சி அரசியல்வாதிகள் எல்லோரும் வருவார்கள். யாரை யாருக்கு அறிமுகப்படுத்தினால் என்ன நடக்கும் என்பது அந்த அம்மாளுக்கு அத்துப்படி.

ரெனுவார் இந்த உலகத்தைச் சேர்ந்தவர் அல்ல. 1841இல் லிமோஜ் நகரில் ஒரு தையல்காரருக்குப் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பாரிஸில் பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, தட்டிலும் கோப்பையிலும் பூ வரைந்து பிழைத்தவர். பீங்கானில் பூ அச்சடிக்க இயந்திர முறை வந்ததும் அந்த வேலையும் போயிற்று. 1874இல் மோனே, பிஸ்ஸாரோ, டெகா ஆகியோரோடு சேர்ந்து இம்ப்ரெஷனிஸ்டுகளின் அந்தப் புகழ்பெற்ற முதல் கண்காட்சியை நடத்தினார். புகழ் எல்லாம் பிற்பாடு வந்தது, அன்றைக்குக் கிடைத்தது கேலிதான். அடுத்த ஆண்டு மார்ச்சில் ட்ரூவோ ஏலக் கூடத்தில் தங்கள் படங்களை ஏலம் விட்டபோது கூட்டம் கூச்சல் போட்டு, கடைசியில் போலீஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்தக் கூச்சலுக்கு நடுவில் ரெனுவாரின் ஒரு மீன்பிடிப்பவர் படத்தை 180 பிராங்குக்கு எடுத்தவர் ஜார்ஜ் ஷார்பாந்தியே.

அங்கிருந்து தொடங்குகிறது உறவு. 1876இல் ஜார்ஜெத் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் படம் (இப்போது டோக்கியோவில்). அதை ஒட்டி மார்கரித்தின் மார்பளவுப் படம் (பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில்). பிறகு 1878இல் இந்தப் பெரிய படம். இதற்கு ரெனுவாருக்குக் கிடைத்த கூலி 1,500 பிராங்க். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இவ்வளவு பெரிய கான்வாஸ் வீட்டுச் சுவருக்காக மட்டும் இல்லை. ரெனுவாரின் கண் சலோன் மீது இருந்தது. சலோன் என்பது அரசின் ஆதரவோடு ஆண்டுதோறும் நடக்கும் ஓவியக் கண்காட்சி. அதில் இடம் பிடித்தவன் ஓவியன், மற்றவனெல்லாம் கிறுக்கன் என்ற நிலைமை. இம்ப்ரெஷனிஸ்டுகளில் டெகா போன்றவர்கள், சலோனுக்குப் படம் அனுப்புகிறவன் நம் கண்காட்சிக்கு வேண்டாம் என்று விதியே வைத்துவிட்டார்கள். ரெனுவார் யோசித்துப் பார்த்து, 1879இல் நண்பர்களின் கண்காட்சியை விட்டுவிட்டு சலோனுக்குப் போனார். துரோகம் என்று நினைத்தவர்கள் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து அல்ஜியர்ஸிலிருந்து தன் படங்களை விற்கும் வியாபாரி துரான் ரூயெலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்கம் சொல்லியிருக்கிறார்: சலோனில் இல்லாத ஓவியனை ரசிக்கக்கூடியவர்கள் பாரிஸில் பதினைந்து பேர் தேறினால் அதிகம், சலோனில் இல்லை என்றால் ஓர் அங்குல கான்வாஸைக்கூட வாங்காதவர்கள் எண்பதாயிரம் பேர். வயிற்றுப்பாட்டுக் கணக்கு. இதில் எனக்கு ரெனுவார் மேல் கோபம் வருவதில்லை. டெகா பிறந்தது வங்கிக் குடும்பத்தில், ரெனுவாருக்குப் பின்னால் தையல் இயந்திரம்கூட இல்லை.

சலோனில் படம் ஏறினால் மட்டும் போதாது. ஆயிரக்கணக்கில் படங்கள், தரையிலிருந்து கூரைவரை நெருக்கி மாட்டுவார்கள். மேல் வரிசையில் மாட்டிவிட்டால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க எவரும் மெனக்கெடமாட்டார்கள். இங்கேதான் மார்கரித் தன் செல்வாக்கை இறக்கினார். படம் கண்ணில் படும் நல்ல இடத்தில் தொங்கியது. கஸ்தன்யாரி போன்ற விமர்சகர்கள் பாராட்டி எழுதினார்கள். ரெனுவாரின் வாழ்க்கையில் முதல் பெரிய வெற்றி அது. அதே சலோனில் அவர் நடிகை ஜான் சமாரியின் முழு உருவப் படத்தையும் வைத்திருந்தார், அதற்கு இந்த வரவேற்பு கிடைக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சமாரி ஒன்றும் மட்டமில்லை. ஆனால் சமாரிக்குப் பின்னால் ஒரு மார்கரித் இல்லை.

ஷார்பாந்தியே குடும்பம் அதே 1879 ஏப்ரலில் 'ல வீ மொதேர்ன்' என்று ஒரு படப் பத்திரிகை தொடங்கியது. கூடவே ஒரு சிறு கண்காட்சிக்கூடம். ஜூனில் ரெனுவாரின் பாஸ்டல் (வண்ணக்கட்டியால் வரைந்த) படங்களை அங்கே தனியாகக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் பத்திரிகையில் ரெனுவாரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, எழுதியவர் அவருடைய தம்பி எத்மோன். இந்தப் படத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது: ஷார்பாந்தியே வீட்டிலேயே வைத்து வரையப்பட்டது, வரைவதற்காக அறையில் ஒரு சாமானைக்கூட நகர்த்தவில்லை, எதையும் அலங்காரம் பண்ணி அடுக்கவில்லை என்று. அண்ணனைப் பற்றித் தம்பி, ஆதரவாளர் வீட்டுப் பத்திரிகையில் எழுதியது. அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. ஆனாலும் எதை ஒரு பெருமையாகச் சொல்கிறார் பாருங்கள். 'என் அண்ணன் எவ்வளவு அழகாக அடுக்கினான்' என்று சொல்லவில்லை, 'எதையும் தொடவில்லை' என்கிறார். உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதற்குள் இருக்கிறது.

குடும்பப் படம் என்றால் அதுவரை என்ன அர்த்தம் என்று தெரிந்தால் இது புரியும். 1787இல் விஜே லெ ப்ரான் வரைந்த மரி அந்துவானெத் அரசியும் குழந்தைகளும் படத்தை வெர்சாய் அரண்மனையில் பார்க்கலாம். வைர மாலை விவகாரத்தில் அரசியின் பெயர் நாறிப் போயிருந்த நேரம். ஊருக்கு அவளை நல்ல தாயாகக் காட்ட வேண்டும் என்பதற்காகவே வரையச் சொன்ன படம். சிவப்பு வெல்வெட்டில் அரசி நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறாள். மடியில் ஒன்று, தோளில் சாய்ந்து ஒன்று, இளவரசன் காலித் தொட்டிலைச் சுட்டிக்காட்டுகிறான். அந்த ஆண்டுதான் கைக்குழந்தை இறந்துபோனது. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மடிப்பும் யோசித்து வைத்தது. "என்னைப் பாருங்கள், நான் தாய்" என்று மன்றாடுகிற படம்.

மார்கரித்தின் படத்தில் யாராவது உங்களைப் பார்க்கிறார்களா? அக்கா தம்பியைப் பார்க்கிறாள். தம்பி அக்காவைப் பார்க்கிறான். அம்மாவின் பார்வை பிள்ளைகள் பக்கம் சாய்ந்திருக்கிறது; ஒரு கை சோஃபாவின் மேல் நீண்டு கிடக்கிறது. நாய் கண்ணைத் திறக்கவே சோம்பல்படுகிறது. நாம் கதவைத் திறந்தோம், யாரும் திரும்பவில்லை. இதுதான் புதுசு. இம்ப்ரெஷனிசம் என்றால் வெளியில் போய் வெயிலைப் பிடிப்பது மட்டுமல்ல, ஒரு சாதாரணக் கணத்தை அதன் போக்கில் விட்டுப் பார்ப்பதும்தான். நாற்பது தடவை உட்கார வைத்து வரைந்தாலும் ஒரே நொடியில் கண்ட மாதிரி இருக்க வேண்டும். அந்த நொடித்தன்மை இந்தப் படத்தில் இருக்கிறது, வழக்கமான குடும்பப் படத்தின் பெரிய சட்டத்துக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது.

அறையையும் பாருங்கள். பழைய படங்களில் பின்னால் தூண் இருக்கும், திரைச்சீலை இருக்கும், தூரத்தில் தங்கள் எஸ்டேட் தெரியும். இங்கே பொன்மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த சுவரில் ஜப்பானியத் தொங்கு ஓவியங்கள், மூங்கில் சாமான்கள், மூலையில் மேசை மேல் பூவும் கண்ணாடிக் குடுவையும் பழமும். அப்போது பாரிஸுக்கு ஜப்பான் பித்து பிடித்திருந்த காலம்; 1878இல்தான் உலகப் பொருட்காட்சியும் பாரிஸில் நடந்தது. பரம்பரைச் சொத்தைக் காட்டி இது பெருமைப்படவில்லை, ரசனையைக் காட்டிப் பெருமைப்படுகிறது. "எங்களுக்குப் புதுசு தெரியும்" என்பதுதான் இந்தச் சுவர் சொல்வது. மூலையில் காலியாக இருக்கும் மூங்கில் நாற்காலியைக் காட்டி, அது வராத அப்பாவின் இடம் என்று சிலர் உருகுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜார்ஜ் ஷார்பாந்தியே அந்த அறையில் தேவைப்படவில்லை. அது அவர் மனைவியின் ராஜ்ஜியம்.

இனி தூரிகை விஷயம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் இந்தப் படம் பெரிய அளவில் கிடைக்கிறது, இலவசமாகவே. அதைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் குழந்தைகளின் முகம். ரெனுவார் அங்கே மிகவும் ஜாக்கிரதை. வண்ணம் வழுக்கிக்கொண்டு போகிறது, பீங்கான் மேல் வரைந்த கை தெரிகிறது. கன்னத்துக்கும் காதுக்கும் நடுவில் எங்கே நிறம் மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. இந்த இடத்தைப் பார்த்துத்தான் சலோன் நடுவர்கள் சமாதானமாகியிருப்பார்கள்.

அங்கிருந்து மெல்லக் கீழே இறங்குங்கள். உடையில் வெள்ளை என்று நீங்கள் நினைத்தது வெள்ளையே இல்லை. நீலம், சாம்பல், ஆங்காங்கே லேசான மஞ்சள், எல்லாம் ஈரத்தின் மேல் ஈரமாக இழுத்துவிட்ட கோடுகள். பட்டுத்துணி எப்படி மடிகிறது என்று அவர் வரையவில்லை, ஒளி அதில் எப்படிச் சறுக்குகிறது என்பதைத்தான் வரைந்திருக்கிறார். இன்னும் விளிம்புக்குப் போனால் கவுனின் வால் தரையில் பரவும் இடம், பூப்போட்ட சோஃபா, மேசை மேல் இருக்கும் பூக்கள், இவையெல்லாம் கிட்டத்தில் வெறும் வண்ணத் தீற்றல்கள். இரண்டடி பின்னால் வந்தால் பூ, இன்னும் இரண்டடி போனால் அறை. முகத்தில் உறுதி, விளிம்புக்குப் போகப் போக உதிர்தல். நாமும் அப்படித்தான் பார்க்கிறோம்: எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கும்போது அவருக்குப் பின்னால் இருக்கும் அலமாரி தெளிவில்லாமல் இருக்குமே, அது.

ஆகவே என் பதில் இதுதான்: இந்தப் படம் ஒரு சமரசம். பாதி சலோனுக்கு, பாதி நண்பர்களுக்கு. இம்ப்ரெஷனிசத்தைத் தண்ணீர் ஊற்றி விற்றார் என்று இதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அதையே வேறு மாதிரிச் சொல்வேன். இரண்டு விதமான துணியை ஒரே சட்டையில் ஒட்டுப் போட்டிருக்கிறார் தையல்காரர் மகன். தையல் எங்கே என்று தேடினால் தெரிகிறது, தேடாவிட்டால் தெரிவதில்லை. அந்த வேலைத்திறம் சாதாரணமில்லை.

கறுப்பு கவுனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இம்ப்ரெஷனிஸ்டுகள் கறுப்பைத் தொடமாட்டார்கள், நிழலைக்கூட ஊதாவிலும் நீலத்திலும்தான் போடுவார்கள் என்று படித்திருப்பீர்கள். இங்கே படத்தின் நடுவில் கறுப்பு ஆறு மாதிரி ஓடுகிறது. வொர்த் நிறுவனத்தின் கவுன், அன்றைய பாரிஸில் அதற்கு மேல் ஒரு பேர் கிடையாது. தையல்காரர் மகனுக்குத் துணியின் தரம் தெரியாமல் போகுமா? அந்தக் கறுப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே நீலமும் பழுப்பும் அசைகின்றன, கழுத்தருகே வெள்ளை லேஸ் அதைத் திறந்து விடுகிறது. கீழே இடது மூலையில் நாயின் கறுப்பு வெள்ளை, வலதுபக்கம் அம்மாவின் கறுப்பு வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் நீலத்தில் இரண்டு பிள்ளைகள். நாயில் ஏறி, அக்கா வழியாகத் தம்பிக்குப் போய், அம்மாவின் முகத்தில் முடிகிறது கண்ணின் பயணம். எதையும் அடுக்கவில்லை என்று எத்மோன் சொன்னதை நான் முழுதாக நம்பாததற்கு இந்தச் சரிவுதான் காரணம். நாற்காலியை நகர்த்தாமல் இருந்திருக்கலாம், நாயைக் கண்டிப்பாக இழுத்து வந்து போட்டிருப்பார்கள்.

நாயின் பெயர் போர்த்தோஸ். நியூஃபவுண்ட்லாண்ட் இனம். 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையில் வரும் குண்டு வீரனின் பெயர் அது. பதிப்பாளர் வீட்டு நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்!

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் தாய்மை என்பது ஒரு காட்சி. அதற்கான உழைப்பு எங்கும் கிடையாது. அந்த வர்க்கத்தில் பாலூட்ட ஒருத்தி, குளிப்பாட்ட ஒருத்தி என்று ஆள் இருந்தார்கள். பெர்த் மொரிசோ தன் குழந்தை ஜூலிக்குச் செவிலி பாலூட்டுவதையே ஒரு படமாக வரைந்தார். மேரி கசாட்டின் 1893ஆம் ஆண்டுப் படத்தில் ஒருத்தி குழந்தையை மடியில் இருத்திப் பாதத்தைத் தண்ணீரில் கழுவுகிறாள், அவளுடைய கையின் பிடியை நாம் உணர முடியும். ரெனுவாரின் மார்கரித் அப்படிப் பிடிப்பதில்லை. பிள்ளைகள் கவுனைப் போலவே, ஜப்பானியத் தட்டியைப் போலவே, அந்த அறையின் அழகில் சேர்த்தி. அவருடைய உண்மையான உழைப்பு இந்தப் படம் முடிந்த பிறகுதான் தொடங்கியது. அதை மேலே சொல்லிவிட்டேன்.

டெகாவின் 'பெல்லேலி குடும்பம்' பக்கத்தில் வைத்தால் ரெனுவார் இன்னும் இனிப்பாகத் தெரிவார். டெகாவின் அத்தை லவ்ரா தந்தையின் துக்கத்தில் கறுப்பு உடுத்தி நிற்கிறாள், இரண்டு பெண்கள் வெள்ளை ஏப்ரனில், கணவர் நமக்கு முதுகைக் காட்டி நாற்காலியில். நாப்போலியிலிருந்து துரத்தப்பட்டு ஃப்ளோரன்ஸில் வாழ்ந்த குடும்பம். அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் பேச்சு இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். அங்கேயும் ஒரு நாய் உண்டு, படத்தின் ஓரத்தில் தலை வெட்டுப்பட்டு வெளியே நழுவிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் நாய்கூட இருக்க விரும்பவில்லை. போர்த்தோஸோ மேலே ஆறு வயதுப் பெண்ணைச் சுமந்துகொண்டு தூங்குகிறது. 'பெல்லேலி' பெரிய படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் துக்கத்தை வரைந்தால் ஆழம், சந்தோஷத்தை வரைந்தால் மேலோட்டம் என்ற கணக்கு எனக்கு ஒத்துவருவதில்லை. 2015இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் வாசலில் ரெனுவார் படங்களைக் கழற்றுங்கள் என்று சிலர் பாதி விளையாட்டாகப் பதாகை பிடித்தார்கள். அவருடைய கடைசிக்காலத்துச் சிவந்த, ஊதிய உடல்களைப் பார்த்துச் சொன்னால் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வேன். இந்தப் படத்தைக் கழற்றச் சொன்னால் மாட்டேன்.

பணத்துக்குக் கதவு திறந்ததும் இந்தப் படத்தால்தான். ஷார்பாந்தியே வட்டத்தின் பழக்கத்தில் பால் பெரார் என்ற செல்வந்தர் கிடைத்தார். நார்மண்டியில் அவருடைய வார்ழ்மோன் மாளிகைக்கு ரெனுவார் கோடைதோறும் போய்த் தங்கி, அந்த வீட்டுக் குழந்தைகளை வரைந்தார். 1884இல் வரைந்த 'வார்ழ்மோனில் குழந்தைகளின் பிற்பகல்' இப்போது பெர்லினில் இருக்கிறது. அதில் இந்தத் தளர்வெல்லாம் போய் கோடுகள் விறைத்துவிட்டன. அதற்குள் ரெனுவாருக்கே இம்ப்ரெஷனிசத்தில் நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. அதே நீலம், அதே பெண் குழந்தைகள், ஆனால் கதவைத் திறந்தவுடன் எல்லோரும் அசையாமல் நின்றுவிட்ட மாதிரி ஒரு படம்.

மார்சல் ப்ரூஸ்ட் தன் பெரிய நாவலின் கடைசிப் பகுதியில் இந்த ஷார்பாந்தியே படத்தைப் பற்றிச் சொல்கிறார். நம் காலத்து நேர்த்தியான வீட்டின், அழகான உடைகளின் கவிதையைப் பின்னால் வருகிறவர்கள் எதில் காண்பார்கள்? பிரபு வம்சத்துச் சீமாட்டிகளை அன்றைய பிரபல ஓவியர்கள் வரைந்த படங்களில் அல்ல, ஒரு பதிப்பாளரின் வரவேற்பறையை ரெனுவார் வரைந்த இந்தப் படத்தில்தான் என்பது அவர் வாதம். சொன்னபடியே ஆகிவிட்டது. அந்தச் சீமாட்டிகளை வரைந்தவர்களின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்?

1,500 பிராங்கை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஷார்பாந்தியேக்களின் கடைசிக்காலம் முன்னைப் போல இல்லை. 1895இல் மகன் 'போல்' இறந்தான், இருபது வயதில். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பதிப்பகத்தைக் கைமாற்றிவிட்டு விலகினார். மார்கரித் 1904இலும் ஜார்ஜ் 1905இலும் காலமானார்கள். 1907 ஏப்ரல் 11ஆம் தேதி அவர்கள் சேர்த்த ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன, முப்பத்திரண்டு ஆண்டுக்கு முன் போலீஸ் வந்த அதே ட்ரூவோ கூடத்தில். இந்தப் படம் 84,000 பிராங்குக்குப் போயிற்று, வரைந்த கூலியைப் போல ஐம்பத்தாறு மடங்கு. எடுத்தது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், ரோஜர் ஃப்ரை என்ற ஆங்கில விமர்சகரின் பரிந்துரையில். பணம் கேத்தரின் லோரிலார்ட் உல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி விட்டுச்சென்ற நிதியிலிருந்து வந்தது. ரெனுவாருக்கு அப்போது வயது 66, மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. அந்தத் தொகையில் அவருக்கு ஒரு பைசா கிடையாது.

ஏல நாளில் அந்தச் சோஃபாவிலும் அதைச் சுற்றியும் இருந்தவர்களில் உயிரோடு இருந்தது ஒருத்தி மட்டும்தான். நாயின் மேல் உட்கார்ந்திருந்த ஜார்ஜெத்; வயது முப்பத்தைந்து.